காளான் அறைக்கு எந்த பல்பு?

வீட்டிலிருந்தே செய்யக்கூடிய சிறுதொழில்கள் குறித்த தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் இடம்பெற்ற உரை, வாசகர்களுக்காக இங்கே எழுத்து வடிவில் தரப்படுகிறது.



தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காளான் புதிய பொருள் அல்ல. இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில், வெட்டிப் போட்ட ரப்பர் கட்டைகளின் மேல் அது வரிசை வரிசையாக முளைத்திருக்கும். விவரம் தெரிந்த பெரியவர்கள் முன்னே போக, பிள்ளைகள் கூடையோடு பின்னால் ஓடுவார்கள். அந்தக் கட்டைகளுக்கு மேலே யாரும் விளக்கு மாட்டி வைத்ததில்லை. மரநிழலில் கசிந்து இறங்கிய பகல் வெளிச்சமே அதற்குப் போதுமானதாக இருந்தது.

இன்று நிலைமை மாறிவிட்டது. தோட்டங்களை விட்டுப் பட்டணத்துக்கு வந்த குடும்பங்களில் பலர், அதே ரப்பர் மரத்தின் தூளைப் பையில் அடைத்து, வீட்டின் பின்கட்டிலோ ஸ்டோர் அறையிலோ சிப்பிக் காளான் வளர்க்க விரும்புகிறார்கள். நல்ல எண்ணம்தான். சிறிய இடம் போதும். பெரிய முதலீடு தேவையில்லை. குடும்பத்தோடு சேர்ந்து செய்யலாம். ஆனால், முதல் பை வீட்டுக்குள் வருவதற்கு முன்பே பலருடைய கையிருப்பு கரைந்து போகும் இடம் ஒன்று உண்டு. அதுதான் விளக்கு.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தம்பதியரை எண்ணிப் பாருங்கள். ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தில் ஒரு பகுதியைத் தொழிலுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். கணவரின் கைப்பேசியில் ஒரு விளம்பரம் வருகிறது. ஊதா நிறத்தில் ஒளி வீசும் 300 வாட் 'வளர்ப்பு விளக்கு' என்று அதில் போட்டிருக்கிறது. விலையைப் பார்த்த மனைவி, "என்னங்க, பல்புக்கே இவ்வளவு போச்சுன்னா காளான் பை வாங்க எங்கே போறது?" என்று கேட்கிறார். கணவரோ, "வெளிச்சம் இல்லாம எந்தச் செடிம்மா வளரும்?" என்கிறார்.

மனைவி கேட்டது நியாயமான கேள்வி. கணவர் சொன்ன பதிலில் ஒரே ஒரு சொல்தான் தவறு. 'செடி' என்ற சொல்தான் அது.

காளான் செடி அல்ல

செடி தன் உணவைத் தானே சமைத்துக்கொள்கிறது. அந்தச் சமையலுக்கு அடுப்பாக இருப்பது சூரிய ஒளி. இலையில் உள்ள பச்சையம் ஒளியைப் பிடித்து, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சிய நீரையும் சர்க்கரையாக மாற்றுகிறது. வெளிச்சம் குறைந்தால் செடி பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

காளானுக்குப் பச்சையம் இல்லை, இலையும் இல்லை. மரத்தூளிலும் வைக்கோலிலும் உள்ள சத்தைக் கரைத்து உறிஞ்சியே அது வாழ்கிறது. மனிதனைப் போலவே பிராண வாயுவை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளியே விடுகிறது. உயிரின வரிசையில் பூஞ்சைகள் செடிகளைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு என்பது அறிவியல் கண்ட உண்மை. ஆகவே, எத்தனை ஆயிரம் ரிங்கிட் விளக்கைப் போட்டாலும் அந்த ஒளியிலிருந்து காளானுக்கு ஒரு பிடி உணவும் கிடைக்காது. அதன் சோறு பைக்குள் இருக்கும் மரத்தூளும் தவிடும்தான்.

அப்படியானால் இருட்டறையிலேயே வளர்த்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். மொட்டுக் காளானை அப்படி வளர்க்கலாம். 19-ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸ் நகரத்தின் அடியிலிருந்த கல்குவாரிச் சுரங்கங்களில் அதை இருட்டிலேயே வளர்த்தார்கள். ஆனால், மலேசிய வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் சிப்பிக் காளானின் குணம் வேறு. அதற்கு வெளிச்சம் தேவை. உணவாக அல்ல, ஒரு செய்தியாகத் தேவை.

ஒளி சொல்லும் செய்தி

மரக்கட்டைக்குள் பரவியிருக்கும் வெள்ளை இழைகளுக்கு வெளியுலகம் தெரியாது. இழை கட்டையின் விளிம்புக்கு வந்து ஒளியைச் சந்திக்கும்போது, "இங்கே திறந்த வெளி இருக்கிறது, குடை விரிக்கலாம்" என்ற செய்தி அதற்குக் கிடைக்கிறது. சிப்பிக் காளான் மொட்டு விடுவதற்கும், குடை சரியாக விரிவதற்கும், குடைக்கு நல்ல நிறம் ஏறுவதற்கும் இந்தச் செய்தி அவசியம். முழு இருட்டில் வைத்தால் குடையே இல்லாமல் பவளப்பூச்சிக் கொத்து போல வெறும் தண்டுகளாக நீண்டுவிடும். அதை யாரும் விலை கொடுத்து வாங்க மாட்டார்கள்.

இந்தச் செய்தியைப் பூஞ்சைகள் பெரும்பாலும் நீல ஒளியிலிருந்தே படிக்கின்றன. நீல ஒளியை உணரும் புரதங்கள் அவற்றின் செல்களில் இருக்கின்றன. சிவப்பு ஒளிக்கு இந்த வேலையில் பெரிய பங்கு இல்லை. விளம்பரங்களில் வரும் ஊதா விளக்கு நீலமும் சிவப்பும் கலந்தது. பச்சையத்துக்குப் பிடித்த இரண்டு நிறங்கள் அவை. அந்தச் சிவப்பு தக்காளிச் செடிக்கு உதவும். காளானைப் பொறுத்தவரை சிவப்புக்குக் கொடுத்த காசு வீண்.

நீல ஒளிக்காகத் தனி விளக்கும் வேண்டியதில்லை. வீடுகளில் எரியும் சாதாரண வெள்ளை எல்.இ.டி. பல்புக்குள் இருப்பது உண்மையில் ஒரு நீல எல்.இ.டி.தான். அதன் மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சு ஒன்று பூசப்பட்டிருக்கிறது. பூச்சைத் தாண்டி வரும் நீலமும் பூச்சு தரும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகின்றன. அந்த நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நோபல் பரிசு பெற்ற அந்தக் கண்டுபிடிப்பு இன்று பக்கத்து மளிகைக் கடையிலேயே சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. காளானுக்குத் தேவையான ஒளி அதிலேயே இருக்கிறது.

பல்புப் பெட்டியைப் படியுங்கள்

கடைக்குப் போனதும் பல்புப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அதில் மூன்று எண்களைக் கவனித்தால் போதும்.

முதலாவது கெல்வின். ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண் இது. 2700, 3000 என்று இருந்தால் மஞ்சள் சாயல். 'வார்ம் வைட்' என்பார்கள். 6500 என்று இருந்தால் பகல் வெள்ளை. 'டே லைட்' என்பார்கள். நீலத்தின் பங்கு அதிகம் என்பதால் காளானுக்கு 6500 பொருத்தம். மஞ்சள் பல்பிலும் ஓரளவு நீலம் உண்டு. கையில் இருப்பது அதுதான் என்றால் தூக்கி எறிய வேண்டியதில்லை. புதிதாக வாங்குபவர்கள் 6500 வாங்கலாம்.

இரண்டாவது லூமன். பல்பு வெளியிடும் மொத்த வெளிச்சம் இது. 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று சுமார் 800 லூமன் தரும். அந்த வெளிச்சம் ஓர் இடத்தில் எவ்வளவு விழுகிறது என்பதை லக்ஸ் என்ற அளவால் சொல்வார்கள். உச்சி வெயிலில் 1,00,000 லக்ஸ் வரை இருக்கும். அலுவலக மேசையில் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். சிப்பிக் காளானுக்குச் சில நூறு லக்ஸ் போதும். 1,000 லக்ஸ் வரை கொடுப்போரும் உண்டு. 9 வாட் பல்பை இரண்டரை அடி தூரத்தில் வைத்தால் ஏறக்குறைய 300 லக்ஸ் கிடைத்துவிடும். அளக்கும் கருவி வேண்டாம். காளான் பைகள் இருக்கும் இடத்தில் நின்று நாளிதழின் சிறிய எழுத்தைச் சிரமமில்லாமல் படிக்க முடிந்தால், காளானுக்கும் அந்த வெளிச்சம் போதும்.

மூன்றாவது வாட். மின்சாரக் கட்டணத்தைத் தீர்மானிக்கும் எண் இது. ஒரே ஓர் அலமாரிக்கு 9 வாட் பல்பு ஒன்று நாளுக்கு 12 மணி நேரம் எரிந்தால், 30 நாளில் ஆகும் மின்சாரம் மூன்றேகால் யூனிட் மட்டுமே. பத்துக்குப் பத்தடி அறையில் 18 வாட் எல்.இ.டி. டியூப் லைட் இரண்டு எரிந்தால் 13 யூனிட். விளம்பரத்தில் வந்த அந்த 300 வாட் விளக்குக்கு 108 யூனிட் ஆகும். மாதா மாதம் கட்டும் இந்த வித்தியாசம், சிறிய தொழிலில் லாபத்தையே தின்றுவிடும்.

பழைய இழை பல்பு, குழல் விளக்கு பற்றியும் ஒரு வார்த்தை. இழை பல்பு இழுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகவே போகிறது. அது பக்கத்தில் இருக்கும் மொட்டுகளைக் காயவைத்துவிடும். பழைய குழல் விளக்கிலும் சுருள் வடிவ மின்சேமிப்பு பல்பிலும் பாதரசம் உண்டு. காளான் பாதரசத்தைத் தனக்குள் சேர்த்துக்கொள்ளும் குணம் உடையது. உணவு வளரும் அறையில் அந்தக் கண்ணாடி உடைந்தால் விளைவு நல்லதல்ல. மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள், குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்துவதென்று 2023-இல் முடிவெடுத்ததற்கும் பாதரசமே காரணம்.

எப்போது, எத்தனை மணி நேரம்?

வித்து போட்ட பையில் வெள்ளை இழை பரவும் வாரங்களில் விளக்கு தேவையில்லை. அந்தக் கட்டத்தில் இருட்டோ மங்கலான வெளிச்சமோ போதும். பை முழுக்க வெள்ளையாகி, வாயைத் திறந்து தண்ணீர் தெளிக்கத் தொடங்கும் நாளிலிருந்துதான் விளக்குக்கு வேலை.

நாளுக்கு 12 மணி நேரம் எரியவிட்டு 12 மணி நேரம் அணைத்து வைத்தால் போதும். மலேசியாவும் சிங்கப்பூரும் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கு ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். எனவே, பின்கட்டில் நேர் வெயில் படாத ஒரு சன்னல் இருந்தால் விளக்குச் செலவே இல்லை. சன்னல் இல்லாத அறைக்கு மட்டும் விளக்கும், அதைத் தானாகப் போட்டு அணைக்கும் ஒரு டைமரும் வாங்கினால் சரி.

எங்கே மாட்டுவது?

காளான் ஒளி வரும் திசையை நோக்கி வளையும். மலேசியக் காளான் குடில்களில் பைகளைப் படுக்க வைத்து, வாய் வெளியே தெரியும்படி சுவர் போல அடுக்குவது வழக்கம். கூரையின் நடுவில் ஒரே ஒரு பல்பைத் தொங்கவிட்டால் மேல் அடுக்குக்கு மட்டும் வெளிச்சம் கிடைக்கும். கீழ் அடுக்கு நிழலில் கிடக்கும். அதன் காளான்கள் மேல்நோக்கி வளைந்து ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். பைகளின் வாய்க்கு எதிரே, நடைபாதைப் பக்கத்தில் டியூப் லைட்டைச் செங்குத்தாக மாட்டினால் எல்லா அடுக்குக்கும் சமமாக ஒளி போகும்.

இன்னொரு வசதியும் உண்டு. காளான் அறையில் தொல்லை தரும் சிறிய கறுப்பு ஈக்கள் வெளிச்சத்தைத் தேடி வரும். விளக்குக்குப் பக்கத்தில் மஞ்சள் நிற ஒட்டும் அட்டையைத் தொங்கவிட்டால் அங்கேயே அவை மாட்டிக்கொள்ளும். மருந்து அடிக்க வேண்டிய தேவை குறையும்.

பல்பின் மேல் விழும் பழி

தண்டு நீண்டு, குடை சிறுத்து வந்தால், "வெளிச்சம் பத்தவில்லை, இன்னும் பெரிய பல்பு வேண்டும்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரங்களில் குற்றவாளி பல்பு அல்ல, காற்று. காளான் விடும் கரியமில வாயு மூடிய அறையில் தேங்கினாலும் தண்டு நீளும், குடை சிறுக்கும். கடைகளில் நூல் போல நீண்டு வெள்ளையாக வரும் எனோக்கிக் காளானை வேண்டுமென்றே அப்படித்தான் வளர்க்கிறார்கள். குளிரிலும் மங்கலான ஒளியிலும் கரியமில வாயு மிகுந்த காற்றிலும் அது அந்த உருவம் பெறுகிறது. காட்டில் முளைக்கும் அதே காளான் குட்டையாகவும் பழுப்பாகவும் இருக்கும்.

ஆகவே, முதலில் கதவைத் திறந்து சிறிய மின்விசிறி ஒன்றால் பழைய காற்றை வெளியேற்றிப் பாருங்கள். அடுத்த தடவை முளைப்பவை சரியாக வந்தால் பல்புக்குச் செலவு தேவையில்லை. காற்று நன்றாக இருந்தும் தண்டு நீண்டால்தான் வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும்.

வெப்பத்தையும் மறக்கக்கூடாது. அறைக்குள் எரியும் விளக்கின் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் முடிகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவரின் உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடும். 300 வாட் விளக்கைப் போடுவது, சிறிய அறைக்குள் மூன்று பேரைப் பகல் முழுக்க உட்கார வைப்பதற்குச் சமம். சாம்பல் நிறச் சிப்பிக் காளானுக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏற்றது. பகலில் 32, 33 டிகிரியைத் தொடும் இந்த ஊரில், அறையைக் குளிர வைக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, இன்னொரு பக்கம் காசு கொடுத்துச் சூடேற்றுவது என்ன கணக்கு?

ஈரமும் மின்சாரமும்

விலையைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. காளான் அறையில் காற்றின் ஈரப்பதம் 80 முதல் 90 விழுக்காடு வரை இருக்கும். நாளுக்கு இரண்டு மூன்று முறை தண்ணீர் தெளிப்பார்கள். தரை ஈரம், சுவர் ஈரம், தெளிப்பவரின் கையும் ஈரம். அதே அறையில் 230 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. குளியலறைக்குள் யாரும் எக்ஸ்டென்ஷன் கம்பியை இழுத்துப் போட மாட்டார்கள். காளான் அறையும் குளியலறை போன்றதுதான்.

எனவே, விளக்குக்கென்று ஒதுக்கிய பணத்தை ஒளியில் போடாமல் பாதுகாப்பில் போடுங்கள். 'ஐ.பி. 65' என்று குறிக்கப்பட்ட மூடிய விளக்கை வாங்கலாம். முதல் எண்ணான 6 தூசி புகாது என்பதையும், இரண்டாவது எண்ணான 5 பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும் என்பதையும் குறிக்கும். மலேசியாவில் சிரிம் முத்திரை, சிங்கப்பூரில் பாதுகாப்புக் குறி உள்ள பொருளாகப் பாருங்கள். சுவிட்சும் பிளக்கும் டைமரும் அறைக்கு வெளியே இருக்கட்டும். அந்த இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி உண்டா என்று உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளுங்கள். கருவியில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்ப்பது நல்லது. தண்ணீர் தெளிக்கும் நேரத்தில் விளக்கை அணைத்துவிடுங்கள்.

காளான் முற்றினால் குடையின் அடியிலிருந்து மாவு போன்ற நுண்தூள் கொட்டும். பல்பின் மேல் படியும் அந்தத் தூள் வெளிச்சத்தை மங்க வைக்கும். தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரலில் ஒவ்வாமை நோயும் வரலாம். குடையின் ஓரம் தட்டையாக விரிவதற்கு முன்பே பறித்துவிடுங்கள். வாரம் ஒரு முறை விளக்கை அணைத்து, ஆறவிட்டு, முகக்கவசம் அணிந்துகொண்டு ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

வைட்டமின் டி ஆசை

காளானில் வைட்டமின் டி ஏற்றலாம் என்று சொல்லிப் புற ஊதா விளக்குகளை விற்பவர்களும் உண்டு. புற ஊதாக் கதிர் பட்டால் காளானில் வைட்டமின் டி உண்டாகும் என்பது உண்மையே. ஆனால், அதற்கு விளக்கு வாங்க வேண்டியதில்லை. பறித்த காளானை நறுக்கி, நண்பகல் வெயிலில் 15 நிமிடம் முதல் 2 மணி நேரம் வரை வைத்தால் 100 கிராமுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் வைட்டமின் டி உண்டாகும். கண்ணாடிச் சன்னலுக்குள் வைத்தால் அந்தப் பலன் கிடைக்காது. வெளியே வைக்க வேண்டும். கிருமிகளைக் கொல்லும் புற ஊதா விளக்கை வீட்டுக்குள் எரியவிடுவதோ பெரிய ஆபத்து. சிறிது நேரம் பட்டாலும் கண்ணையும் தோலையும் அது புண்ணாக்கிவிடும். பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் அதற்கு இடமே இல்லை.

மனைவியின் கணக்கு

இப்போது அந்தத் தம்பதியரிடம் திரும்பி வாருங்கள். அவர்கள் வாங்க வேண்டியவை: 6500 கெல்வின் எல்.இ.டி. டியூப் லைட் இரண்டு, நீர் புகாத மூடி, ஒரு டைமர், வயர்மேனின் கூலி. அவ்வளவுதான். மிஞ்சும் பணத்தில் நல்ல காளான் பைகளும், ஒரு சிறிய மின்விசிறியும், வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் ஒரு கருவியும் வாங்கலாம். விளைச்சலைத் தீர்மானிப்பவை பையின் தரம், காற்று, ஈரம், சுத்தம் ஆகிய நான்கும். விளக்கு இவற்றுக்குப் பின்னால்தான் வரும்.

முதல் மாதத்திலேயே அறையை நிரப்பிவிட வேண்டாம். 20 பைகளோடு தொடங்கி, ஒரு சுற்று பறித்துப் பார்த்துவிட்டு, பிறகு பெருக்கலாம். சேமநிதிப் பணம் முப்பது, நாற்பது ஆண்டு உழைப்பின் பயன். போனால் திரும்பி வராது. காளானுக்குக் கேட்கும் அளவு வெளிச்சம் கொடுத்தால் போதும் என்பதைத் தெரிந்துகொண்டவர்கள், அந்தப் பணத்தை ஊதா வெளிச்சத்தில் கரைக்க மாட்டார்கள்.

"பல்புக்கே இவ்வளவு போச்சுன்னா காளான் பை வாங்க எங்கே போறது?" என்று அந்த அம்மா கேட்டாரே, தொழில் தொடங்கும் ஒவ்வொரு வீட்டிலும் கடைக்குப் போவதற்கு முன் அந்தக் கேள்வியை ஒருவர் கேட்கட்டும்.